பெரியம்மா தலைக்கு மேல குதிச்சது

என்னோட கோ-கோ பனியனைக் கிழிச்சு எங்க பெரியம்மா அடுப்பு துடைச்சா. அங்கன இருந்து ஆரம்பிக்கிறதுதான் நியாயம்.

மஞ்சள் பனியன். முதுகுல நம்பர் போட்டது. பள்ளிக்கூடத்து டீம்ல அந்த நம்பரை வாங்க நான் எத்தனை தடவை முட்டியைப் பேத்துக்கிட்டேன்னு எனக்குத்தான் தெரியும். ஒரு நாள் காலைல அடுக்களைக்குப் போனா, பால் பொங்கி வழிஞ்ச கேஸ் அடுப்பை அந்த நம்பர் இருந்த துண்டை வச்சு அழுத்தித் துடைச்சுக்கிட்டு நிக்கா. நான் அப்படியே நின்னுட்டேன். "என்னட்டி முறைக்க? சமைஞ்ச பிள்ளைக்கு இனி இது எதுக்கு? நல்ல காட்டன், தண்ணியை என்னமா உறிஞ்சுது பாரு"ன்னு சிரிச்சா. இருக்கட்டும், உன்னைய வச்சிக்கிடுதேன்னு மனசுக்குள்ள சொன்னேன். வாயைத் திறந்து சொல்லிட்டு நிம்மதியாச் சாப்பிட முடியுற வீடு இல்ல அது.

கோவில்பட்டியில ஸ்டேஷன் ரோட்டுலேர்ந்து உள்ள திரும்புற தெருவுல எங்க வீடு. எங்கப்பாவும் பெரியப்பாவும் கூடப்பொறந்தவிய. ரெண்டு குடும்பமும் ஒரே வீடு, ஒரே அடுப்பு. தீப்பெட்டி ஆபீசும் ரெண்டு பேருக்கும் பொது. எங்க ஊருல தீப்பெட்டி செய்யுற இடத்துக்கு ஆபீசுன்னுதான் பேரு. பொதுன்னு சொன்னாலும் அங்க நாற்காலி பெரியப்பாவுக்கு, வெயில்ல லாரிக்குப் பின்னால ஓடுற வேலை எங்கப்பாவுக்கு.

பெரியப்பா அந்த நாற்காலியில கண்ணை மூடித்தான் உக்காந்திருப்பாவ. பக்கத்துக் கொட்டகையில பொம்பளைக மரச்சட்டத்துல தீக்குச்சி அடுக்குவாவ. சட்டத்தைத் தட்டித் தட்டி அடுக்குற டக் டக் சத்தம் விடாம வந்துக்கிட்டே இருக்கும். அது லேசாக் குறைஞ்சா போதும், கண்ணைத் திறக்காமலே "சத்தத்தைக் காணோமே!"ன்னு ஒரு அதட்டல். திரும்ப டக் டக். எந்திரிச்சுப் போய்ப் பாக்குற பழக்கமே கிடையாது. சத்தம் வந்தா வேலை நடக்கு, அம்புட்டுத்தான் அவிய கணக்கு. பெரியம்மாவும் அவியகிட்டதான் அந்தப் பாடத்தைப் படிச்சா. கூடத்துல டிவி பாத்துக்கிட்டே, அடுக்களையில கிரைண்டர் ஓடலைன்னா "சத்தத்தைக் காணோமே!"ன்னு எங்கம்மாவுக்குக் குரல் குடுப்பா. எங்கம்மா லேசுப்பட்டவளா? வெறும் தண்ணியை ஊத்திக் கிரைண்டரை ஓட விட்டுட்டு ஜன்னல் பக்கம் உக்காந்து காலை நீட்டிக்கிடுவா. இதை நான் சின்னப் பிள்ளையிலேர்ந்து பாத்து வச்சிருந்தேன்.

எட்டாம் வகுப்பு படிக்கையில பெரிய மனுசி ஆனேன். அதுக்கு முந்தி கிரவுண்டுலயே கிடந்தவ நான். எங்க ஊரு ஹாக்கிப் பைத்தியம் பிடிச்ச ஊரு, பயலுவ தெருவெல்லாம் மட்டையோட திரிவானுவ. எங்க பள்ளிக்கூடத்துல பொம்பளப் பிள்ளைகளுக்குக் கோ-கோ. வரிசையா உக்காந்திருக்கிறவளுக நடுவுல நெளிஞ்சு வளைஞ்சு ஓடணும், விரட்டுறவ கைக்கு அகப்படக் கூடாது. நான் அகப்பட மாட்டேன். கரிசல் மண்ணு புழுதி தொடை வரைக்கும் ஏறி, வேர்வையில ஊறி, வீட்டுக்கு வரும்போது பாதிக் காலு கறுப்பா இருக்கும். அந்தக் கறுப்பைக் கழுவ எனக்கு மனசே வராது.

தண்ணி ஊத்தி, உளுந்தங்களி கிண்டிக் குடுத்து, மாமன் வீட்டுச் சீரு வந்து எல்லாம் முடிஞ்சுது. மறுநாள் பெரியப்பா கூடத்துல வச்சுச் சொல்லிட்டாவ. "இனிமே பள்ளிக்கூடம் விட்டா வீடு. கிரவுண்டு பக்கம் காலு வைக்கப்படாது." எங்கப்பா சுவத்துல தொங்குன காலண்டரைப் பாத்துக்கிட்டே இருந்தாவ. அதுல என்ன எழுதியிருந்துச்சோ.

விளையாட்டு டீச்சர் ஒரு நாள் ஸ்கூட்டில வீட்டுக்கே வந்தாவ. "இந்த மாதிரிக் காலு எங்களுக்குக் கிடைக்காது, போட்டிக்கு மட்டுமாவது அனுப்புங்க"ன்னு கேட்டாவ. பெரியம்மா காபி குடுத்தா, கடலை மிட்டாய் ஒரு பாக்கெட் குடுத்தா, சிரிச்ச முகமாவே சொன்னா: "எங்க வீட்டுல அந்தப் பழக்கம் இல்ல டீச்சர். பொம்பளப்பிள்ளைக்கு வீட்டுக்குள்ள இருந்தாத்தான் அழகு." டீச்சர் வாசலுக்கு வந்து வண்டியை எடுக்கையில என்கிட்ட மெதுவாச் சொன்னாவ. "காலை மட்டும் விட்றாதட்டி. ஒரு வருசம் சும்மா கெடந்தா அது ஓட்டத்தை மறந்துரும். வீட்டுக்குள்ளயாவது குதிச்சுக்கிட்டே இரு. அடுத்த வருசம் திரும்ப வந்து பேசுதேன்."

வீட்டுக்குள்ள எங்கன குதிக்க? பின்கட்டுல கயிறு எடுத்துக் குதிச்சேன், பெரியம்மா ஓடி வந்து கயித்தைப் பிடுங்குனா. பொட்டப்பிள்ள குதிச்சா வயித்துக்கு ஆகாதாம். பள்ளிக்கூடம், வீடு, சோறு, தூக்கம். கொஞ்ச மாசத்துலயே மச்சுப்படி ஏறுனா எனக்கு மூச்சு வாங்குச்சு. முந்துன வருசத்துச் சட்டை கைக்குள்ள நுழையலை. எனக்கு அழுகை அழுகையா வந்துச்சு. அப்ப அவ என்ன சொன்னா தெரியுமா? "என்னட்டி இப்படி ஊதிக்கிட்டே போற? எவன் கட்டிக்கிடுவான்?" கட்டிப் போட்டதும் அவதான், கட்டிப் போட்ட மாடு நடக்கலைன்னு குறை சொன்னதும் அவதான். அன்னைக்கு ராத்திரி தலகாணியைக் கடிச்சுக்கிட்டுப் படுத்தேன்.

இனி பெரியப்பா மகனைச் சொல்லணும். என்னைய விட ஒரு வயசு சின்னவன், அக்கா அக்கான்னு சுத்தி வருவான். வீட்டுக்கு ஒரே ஆம்பளப்பிள்ள. அவனுக்குத் தெரு திறந்து கெடந்துச்சு, கிரவுண்டு திறந்து கெடந்துச்சு. போலேய், போய் விளையாடுலேய்னு தள்ளித் தள்ளி விடுவாவ, போக மாட்டான். புது ஹாக்கி மட்டை வாங்கிக் குடுத்தாவ. அதை வச்சு மச்சுல ஒட்டடை அடிச்சான். வெயிலைக் கண்டா அவனுக்கு ஆகாது. கடலை மிட்டாய் டப்பாவை மடியில வச்சுக்கிட்டு உக்காந்தா டப்பா காலியானதும்தான் எந்திரிப்பான். குனிஞ்சு செருப்பு மாட்ட முடியாம மூச்சு வாங்கினதும்தான் பெரியம்மாவுக்குப் பயம் தட்டுச்சு. பிள்ளைகளுக்குப் பாக்குற டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனா. "மருந்தெல்லாம் வேண்டாம், பையனை ஓட விடுங்க"ன்னு அவரு சொல்லிட்டாரு.

ஓடுறதுக்குக் கிடந்து தவிக்கிறவ ஒருத்தி அதே வீட்டுல இருக்கா. அவளைப் பூட்டி வச்சாச்சு. ஓட மாட்டேன்னு உக்காந்திருக்கிறவனை எப்படி ஓட வைக்கன்னு வீடே கூடிப் பேசுது. எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நெனைச்சுப் பாருங்க.

பெரியம்மாவோட தம்பி சென்னையில எலக்ட்ரானிக் சாமான் கடை வச்சிருந்தாவ. அவிய ஊருக்கு வரும்போது ஒரு பாயைச் சுருட்டிக் கொண்டாந்தாவ. பிளாஸ்டிக் பாய், உள்ள பஞ்சு மாதிரி என்னமோ வச்சுத் தைச்சது. மேல நாலு பக்கமும் அம்புக்குறி. அதுலேர்ந்து ஒரு வயரு சின்னப் பெட்டிக்குப் போகும், பெட்டியிலேர்ந்து டிவிக்குப் போகும். டிவில பாட்டு வரும், அம்பு கீழேயிருந்து மேல ஏறி வரும். எந்த அம்பு வருதோ அதைப் பாய்ல சரியா மிதிக்கணும். மிதிச்சா நம்பர் ஏறும். பாட்டு முடிஞ்சா கூட்டமா கைதட்டுற சத்தம் கேக்கும். "வெளிநாட்டுல பள்ளிக்கூடத்துலயே வாங்கிப் போட்டிருக்கான். பிள்ளைக விளையாட்டுன்னு நெனைச்சுக் குதிக்கும், உடம்பு தன்னால இறங்கிரும்"ன்னாவ. எங்க வீட்டுல அதுக்கு குதிக்கிற பாய்னு பேராச்சு. பெரியப்பா மட்டும் கம்ப்யூட்டர்னு சொல்லுவாவ. பயலுக்குக் கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டிருக்கேன்னு ஆபீசுக்கு வர்றவங்கிட்ட எல்லாம் பெருமை வேற.

கூடத்துல புது டிவி. அது பெரியம்மாவோட சீரியலுக்கு. அதைத் தொடப்படாது. அதனால பழைய டிவியை மச்சுக்குத் தூக்கிட்டுப் போய் அங்கன பாயை விரிச்சாவ. எங்க வீட்டு மச்சு மரக்கட்டை குத்தி மேல சுண்ணாம்புக் காரை போட்ட பழைய மச்சு. மேல குதிச்சா கீழ நல்லாவே கேக்கும். கேக்குற இடம் சரியா பெரியம்மா நாற்காலி போட்டிருந்த இடம். மச்சுப்படி செங்குத்தா ஏணி மாதிரி இருக்கும், பெரியம்மா அவ உடம்பை வச்சுக்கிட்டு அதுல ஏற மாட்டா. என்னையக் கூப்பிட்டா. "ஏட்டி, நீ அவன் கூடப் போய் இரு. வேர்த்தா துடைச்சு விடு, தண்ணி எடுத்துக் குடு. நீ அந்தப் பாய்ல காலு வச்சேன்னு தெரிஞ்சுது, தோலை உரிச்சிருவேன்."

முத நாளு. பய ஒரு பாட்டுக்குக் குதிச்சான். பாதிப் பாட்டுலயே நாக்குத் தள்ளிருச்சு. பொத்துன்னு தரையில உக்காந்தான். கீழேயிருந்து உடனே வந்துச்சு அந்தக் குரல்.

"ஏலே! சத்தத்தைக் காணோமே!"

அவன் என்னையப் பாத்தான். கண்ணுல தண்ணி. "அக்கா, நீ குதியேன். அம்மா வைவா."

நான் பாயைப் பாத்தேன். கதவைச் சாத்துனேன், பாவாடையைத் தூக்கி இடுப்புல சொருகுனேன். ஏறுனேன்.

முத மிதி மிதிச்சப்ப காலு எனக்குச் சொந்தமே இல்லாத மாதிரி இருந்துச்சு. அம்பு எங்கயோ போகுது, நான் எங்கயோ மிதிக்கேன். டீச்சர் சொன்னது சரிதான், காலு மறக்க ஆரம்பிச்சிருச்சு. எனக்குப் பயமும் ஆங்காரமும் சேந்து வந்துச்சு. பல்லைக் கடிச்சுக்கிட்டு மிதிச்சேன். இடது, வலது, முன்ன, பின்ன. ஒவ்வொரு மிதிக்கும் கீழ அவ உக்காந்திருக்கிறதை நெனைச்சேன். இந்தா வாங்கிக்கோ, இது பனியனுக்கு. இது கயித்துக்கு. இது எவன் கட்டிக்கிடுவான்னு கேட்டதுக்கு. பாட்டு முடிஞ்சு கைதட்டுச் சத்தம் வந்தப்ப நான் மூச்சிரைக்க நின்னு சிரிச்சுக்கிட்டு இருந்தேன். கீழேயிருந்து பெரியம்மா, "அப்படித்தான்லே எங்கய்யா! நல்லாக் குதி!"ன்னு சத்தம் போட்டா.

அதுலேர்ந்து தினமும் சாயந்தரம் நடந்துச்சு. அவன் மூலையில சாஞ்சு கடலை மிட்டாய் கடிப்பான், எனக்கு நடுவுல தண்ணி குடுப்பான், விசிறி விடுவான். வேலை அப்படியே மாறிப் போச்சு. பாட்டு வேகம் கூடக் கூட நானும் கூட்டுனேன். அந்தப் பாயை வச்சே கோ-கோ ஆடுனேன். பின்னால ஒருத்தி கையை நீட்டிக்கிட்டு வாரான்னு நெனைச்சுக்கிட்டு நெளிவேன், குனிஞ்சு திரும்புவேன், அம்பையும் விடாம மிதிப்பேன். கொஞ்ச நாள்ல மூச்சு வாங்குறது நின்னுச்சு. பழைய சட்டை திரும்பக் கைக்குள்ள நுழைஞ்சுது. இவ உடம்பு ஏன் இறங்குதுன்னு யாரு பாக்கா அந்த வீட்டுல?

அதோட நிறுத்தியிருந்தா அது வெறும் விளையாட்டு. நான் நிறுத்தலை. குதிச்சு முடிச்சுட்டுக் கீழ இறங்கும்போது முகத்தைக் கழுவித் துடைச்சு, நல்ல பிள்ளையா அடுக்களை வாசல்ல நின்னு சொல்லுவேன். "பாவம் பெரியம்மா, இன்னைக்கு ரொம்பக் குதிச்சுட்டான். கண்ணெல்லாம் உள்ள போயிருச்சு." அம்புட்டுத்தான், பெரியம்மா நெய்யைக் காய்ச்சுவா. முறுகலா நெய் தோசை, அது மேல சீனி, ஒரு பெரிய டம்ளர் பால். "எங்கய்யா உழைச்சுட்டு வந்திருக்கான்"னு ஊட்டாத குறை. அவன் என்னைய ஓரக்கண்ணால பாத்துக்கிட்டே தின்னுவான். பக்கத்து வீட்டுக்காரிகள் வந்தா பெரியம்மா நிமிந்து மச்சைக் காட்டுவா. "காரை உதிர உதிரக் குதிக்கான். நேத்து என் காபியிலயே விழுந்துச்சுன்னா பாத்துக்கோங்க!" நானும் கூட நின்னு ஆமா ஆமான்னு தலையாட்டுவேன். எனக்கு நெஞ்சு குளுந்து போகும். நான் உதுத்த காரையை அவ மகன் பெருமைன்னு நெனைச்சு ஊதிக் குடிக்கா.

திரும்ப டாக்டர்கிட்ட போற நாள் வந்துச்சு. தண்ணி பாட்டிலும் பிளாஸ்க்கும் தூக்க ஆளு வேணும்னு என்னையும் கூட்டிட்டுப் போனா. பெரியம்மா மகனுக்குப் புதுச் சட்டை போட்டு, நெத்தியில திருநீறு பூசி, பரிசு வாங்கப் போற மாதிரி நடந்து வந்தா. பய எடை மிஷின்ல ஏறுனான். டாக்டர் முள்ளைப் பாத்தாரு, பழைய சீட்டைப் பாத்தாரு, திரும்ப முள்ளைப் பாத்தாரு. இறங்கலை, ஏறியிருக்கு.

"ஓட விடச் சொன்னேனே?"

"ஓடுறதென்ன, தினமும் குதிக்கான் டாக்டர்! சாயந்தரமானா ஒரு மணி நேரம் விடாமக் குதிக்கான்!"

டாக்டருக்கு முகம் மாறிப் போச்சு. அவ்வளவு குதிச்சும் எடை ஏறுதுன்னா உள்ள வேற என்னமும் இருக்கலாம்னு சொல்லி ரத்தம் எடுக்க எழுதிக் குடுத்தாரு. அன்னையிலேர்ந்து எங்க வீடு எழவு வீடு மாதிரி ஆச்சு. பெரியம்மா சீரியல் பாக்கலை. பெரியப்பா ஆபீசுல கண்ணைத் திறந்துக்கிட்டு உக்காந்திருந்தாவளாம். கோவிலுக்கு நேர்ச்சை, திருநீறு, கயிறு. மகனைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு எம் பிள்ளைக்கு என்னமோ ஆயிருச்சேன்னு அழுதா. நான் அவ அழுகிறதைப் பாத்துக்கிட்டே நின்னேன். எனக்குத் தெரியும், ஒரு வார்த்தையில அந்த அழுகையை நிறுத்தலாம். சொல்லலை. என் பனியனைக் கிழிச்சப்ப எனக்கு யாரு ஒரு வார்த்தை சொன்னா?

ரத்தத்துல ஒண்ணுமில்லைன்னு வந்துச்சு. மறுபடி டாக்டர் முன்னால போய் உக்காந்தோம், இந்தத் தடவை பெரியப்பாவும் கூட. டாக்டர் தாடையைத் தடவிக்கிட்டே, "அப்ப மதுரைக்குக் கொண்டு போய் ஸ்கேன் பாக்கணும்"னாரு. பய அவங்கம்மா சேலைக்குப் பின்னால போய் ஒளிஞ்சுக்கிட்டான். ஸ்கேன்னா ஒரு குழாய்க்குள்ள தள்ளி மூடிருவாவன்னு யாரோ பள்ளிக்கூடத்துல அவனுக்குச் சொல்லியிருந்தானுவ.

டாக்டர் அதைக் கவனிச்சுட்டாரு. "இவன் குதிக்கிறதை நீங்க கண்ணால பாத்திருக்கீங்களாம்மா?"ன்னு கேட்டாரு.

"எதுக்குப் பாக்கணும்? அதான் சத்தம் கேக்குதே! என் தலைக்கு மேலதான குதிக்கான்?"

"சரி. தம்பி, இங்கன கொஞ்சம் குதி பாப்போம்."

குதிச்சான். நாலஞ்சு தடவை தரையிலேர்ந்து காலு எழும்புச்சு, அப்புறம் எழும்பலை. மேசையைப் பிடிச்சுக்கிட்டு நின்னு மூச்சிரைச்சான். டாக்டர் அவன் நாடியைப் பிடிச்சுப் பாத்துட்டு நிதானமாக் கேட்டாரு. "வீட்டுல யாரு குதிக்கா?"

அவன் மதுரையை நெனைச்சானோ, குழாயை நெனைச்சானோ, ஓன்னு அழுதுக்கிட்டே சொல்லிட்டான். "அக்காதான் குதிக்கும். நான் மிட்டாய் திம்பேன். என்னைய மதுரைக்குக் கொண்டு போகாதீங்க!"

பெரியம்மா திரும்பி என்னையப் பாத்தா. அந்தப் பார்வையை நான் இன்னும் பத்திரமா வச்சிருக்கேன். கோபம் அப்புறம்தான் வந்துச்சு. முதல்ல வந்தது முழி. இத்தனை நாளா தன் தலைக்கு மேல யாரு மிதிச்சுக்கிட்டு இருந்தான்னு அவளுக்கு அப்பத்தான் ஒவ்வொண்ணா விளங்குது. நெய் தோசை, சீனி, பால், பக்கத்து வீட்டுக்காரி, காபியில காரை. நான் கண்ணைத் தாழ்த்தலை. பாத்தா பாத்துக்கோன்னு நின்னேன்.

டாக்டருக்குச் சிரிப்பு வந்துருச்சு, அடக்கிக்கிட்டாரு. என்னையக் குதிக்கச் சொன்னாரு. பிளாஸ்க்கைக் கீழ வச்சுட்டுக் குதிச்சேன். அவரு போதும்னு சொல்ற வரைக்கும் நிறுத்தலை. என் நாடியையும் பாத்தாரு. "இந்தப் பிள்ளைக்கு ஒரு கொறையும் இல்ல"ன்னு பெரியப்பாகிட்ட சொன்னாரு. "பாயெல்லாம் சரிதான், ஆனா அது மேல ஏறணும்ல? பையனைத் தினமும் காலைல கிரவுண்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

"அக்கா வந்தாத்தான் போவேன்"னான் அவன், மூக்கை உறிஞ்சிக்கிட்டே.

வீட்டுக்கு வந்ததும் பெரியம்மா என் கன்னத்துல விட்டா ஒண்ணு. காது ஙொய்ங்குனு அடைச்சுப் போச்சு. அடுக்களையில ஓடிக்கிட்டு இருந்த கிரைண்டர் நின்னுச்சு. எங்கம்மா மாவுக் கையோட வெளிய வந்தா. அக்கா அக்கான்னு பெரியம்மா முன்னால பாதிக் குரல்லயே பேசிப் பழகுனவ, அன்னைக்கு முழுக் குரல்ல பேசுனா. "அக்கா, உங்க மகன் ஓடணும்னா இனிமே என் மக வேணும். இன்னொரு தடவை அவ மேல கை பட்டுச்சு, ரெண்டு பேரும் இந்த வீட்டுக்குள்ளயே கெடக்கட்டும். உங்க பிள்ளை மூச்சு முட்டுறதை நீங்க பாருங்க, என் பிள்ளை மூச்சு முட்டுறதை நான் பாத்தாச்சு." எங்கப்பா காலண்டர்கிட்டேர்ந்து திரும்பிப் பாத்தாவ.

முதல்ல என்னைய விட்டுட்டு அவனை மட்டும் கூட்டிட்டுப் போய்ப் பாத்தாவ. அவன் கிரவுண்டு ஓரத்துல தரை சமப்படுத்துற கல் உருளை மேல போய் உக்காந்துக்கிட்டு எந்திரிக்கவே இல்லையாம். பெரியப்பா அதட்டிப் பாத்து, கெஞ்சிப் பாத்து, ஹாக்கி ஆடுற பயலுவ சிரிக்கிறதையும் கேட்டுட்டுத் திரும்பி வந்தாவ. அப்படிக் கொஞ்ச நாள் ஓடுச்சு. பாயைச் சுருட்டிக் கட்டிப் பரண்ல தூக்கிப் போட வச்சிருந்தா பெரியம்மா, அதனால வீட்டுலயும் சத்தமில்ல. கடைசியில ஒரு நாள் விடியக்காலம் பெரியப்பா எங்க ரூம் வாசல்ல வந்து நின்னு, என் முகத்தைப் பாக்காம, "கிளம்பு"ன்னாவ. துப்பட்டாவை ரெண்டு பக்கமும் ஊக்குக் குத்தி அனுப்புனா பெரியம்மா. கிரவுண்டுக்குப் போனதும் முதல் வேலையா ஊக்கைக் கழட்டித் துப்பட்டாவை இடுப்புல கட்டுனேன்.

என் செருப்பை எங்கன போட? அங்கன நாய் தூக்கிட்டுப் போயிரும். பெரியப்பா ஸ்கூட்டர்ல உக்காந்திருந்தாவ. கொண்டு போய் அவிய காலடியில, காலு வைக்கிற பலகையில வச்சேன். "பாத்துக்கோங்க பெரியப்பா"ன்னேன். கிரவுண்டு பக்கம் காலு வைக்கப்படாதுன்னு சொன்ன மனுசன் அந்த வருசம் பூரா என் செருப்புக்குக் காவல் இருந்தாவ. தம்பியை முன்னால ஓட விட்டு, விரட்டிப் பிடிப்பேன். அவன் அழுவான், திட்டுவான், அப்புறம் ஓடுவான். மெல்ல மெல்ல அவனுக்கும் உடம்பு வத்துச்சு. டீச்சர் பிள்ளைகளோட வந்தப்ப என்னையப் பாத்தாவ. வரிசையில ஒரு இடத்தைக் காட்டி "உக்காரு"ன்னாவ. அம்புட்டுத்தான். நான் திரும்ப ஆடுனேன், புதுப் பனியன் வாங்குனேன், ஆடாத நேரம் அதை என் தலகாணி உறைக்குள்ள ஒளிச்சு வச்சுப் படுத்தேன்.

ஆனா ஒண்ணு. பெரியம்மா ஊரெல்லாம் என்ன சொன்னா? "பையனுக்குத் துணைக்கு அனுப்புதோம், வேற என்னத்துக்கு?" அந்தக் கதவு எனக்காகத் திறக்கலை. அவன் எடைக்காகத் திறந்துச்சு. இதை நான் இன்னைக்கு வரைக்கும் மன்னிக்கலை, மன்னிக்கிற மாதிரியும் இல்ல.

காலேஜ் கடைசி வருசம் படிக்கையில பெரியம்மாவுக்குச் சக்கரை வந்துச்சு. பெரியப்பா போய்ச் சேந்துட்டாவ, தம்பி ஹாஸ்டல்ல இருந்தான். தினமும் நடங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஒரு நாள் சாயந்தரம் கூடத்துல என்கிட்ட வந்து நின்னு மெதுவாக் கேட்டா. "ஏட்டி, நாளையிலேர்ந்து என்னையக் கிரவுண்டுக்குக் கூட்டிட்டுப் போறியா? தனியாப் போகக் கூச்சமா இருக்கு. வீட்டுக்குள்ளயே கெடந்து மூச்சு முட்டுது."

எத்தனை வருசம் காத்துக்கிட்டு இருந்தேன் தெரியுமா அந்த வார்த்தைக்கு.

"பொம்பளைக்கு வீட்டுக்குள்ள இருந்தாத்தான பெரியம்மா அழகு?"ன்னேன்.

பரண்லேர்ந்து பாயை இறக்குனேன். எலி ஒரு ஓரத்தைக் கடிச்சிருந்துச்சு, அம்புக்குறி பாதி அழிஞ்சிருந்துச்சு. வயரும் டிவியும் எதுக்கு, பாய் போதும். மச்சுல கொண்டு போய்ப் பழைய இடத்துலயே விரிச்சேன். அவளைச் செங்குத்துப் படியில ஏத்தி விட்டேன். படிக்குப் படி நின்னு நின்னு ஏறுனா. "ஏறுறதே பாதி மருந்து பெரியம்மா"ன்னு பின்னால நின்னு சொன்னேன். பாயைக் கண்டதும் தெரிஞ்சுக்கிட்டா. என்னையத் திரும்பிப் பாத்தா. நான் கீழ இறங்குனேன். காபி போட்டு எடுத்துக்கிட்டு வந்து, அவ நாற்காலியில, அவ உக்காருற மாதிரியே காலை நீட்டி உக்காந்தேன்.

மேல ஒண்ணும் கேக்கலை. ஒரு வாய் குடிச்சேன். நிமிந்து மச்சைப் பாத்தேன்.

"பெரியம்மா! சத்தத்தைக் காணோமே!"

கொஞ்ச நேரம் கழிச்சு ஒரு மிதி விழுந்துச்சு. அப்புறம் இன்னொண்ணு. காரை உதிர்ந்து என் டம்ளர்ல விழுந்துச்சு. அதை விரலால ஒதுக்கிவிட்டுட்டு மிச்சக் காபியையும் குடிச்சேன்.